ஓல்மோஸ் வீணாய்ப் போன நடிகரா?

ஜூன் 3, 2025 (ஒரு வாசகர் கிளப்பியது)

எண்பதுகளின் அமெரிக்கப் போலீஸ் தொடரான மயாமி வைஸின் பழைய எபிசோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லெப்டினன்ட் கஸ்டியோவாக வரும் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் சும்மா வந்து நின்றாலே மற்ற இரண்டு ஹீரோக்களும் காணாமல் போய்விடுகிறார்கள். யார் என்று தேடினால் எம்மி என்கிற தொலைக்காட்சி விருது வாங்கியவர், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பட்டியலில் இருந்தவர் என்று வருகிறது. அப்புறம் என்ன ஆயிற்று? கதாநாயகனாக நடித்த பெரிய படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹாலிவுட் இவரை வீணடித்துவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஜூன் 3, இரவு

வந்துவிட்டேன். முழுக்க மறுக்க மாட்டேன், பாதி மறுப்பேன்.

போன் எப்போது அடிக்கும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் வரிசையில் ஓல்மோஸை உட்கார வைப்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. அந்தக் கஸ்டியோ வேடத்தையே அவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். 1984இல் தொடர் தொடங்கியபோது லெப்டினன்டாக இருந்தவர் கிரெகரி சியரா. நாலாவது எபிசோடிலேயே அவர் பாத்திரத்தைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். காலியான நாற்காலிக்குத் தொடரின் தயாரிப்பாளர் மைக்கேல் மான் ஓல்மோஸைக் கூப்பிடுகிறார். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி, தொடர் ஓடும் வரை வேறெங்கும் போகக் கூடாது. முடியாது என்றார் ஓல்மோஸ். தொகையை ஏற்றிக் கேட்டார்கள், மறுபடியும் முடியாது. கடைசியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, பாத்திரத்தை எப்படி நடிப்பது என்பதில் தன் சொல்தான் செல்லும் என்றும் பேசி முடித்த பிறகுதான் போனார். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கும் கதை இது. அப்போது அவர் கையில் காசு புரண்டுகொண்டிருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

பலன் 1985இல் எம்மி, மறு வருடம் கோல்டன் குளோப். கேள்வி கேட்ட நண்பர் ரசிக்கும் அந்த நிற்றல் இருக்கிறதே, அதுவும் அவர் பேசி வாங்கிய உரிமையில் வந்ததுதான். ஊரே ரோஸும் வெளிர்நீலமுமாக கோட்டு போட்டுத் திரியும் தொடரில் ஒரு மனிதர் மட்டும் கறுப்பு சூட், மெல்லிய கறுப்பு டை. எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டே, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில் பேசுவார். எப்போதாவது நிமிர்ந்து பார்த்தால் எதிரே நிற்பவர் காலி.

ஜூன் 4, காலை

"நல்ல காலத்தில் நல்ல வாய்ப்பு கிடைத்தவர், அவ்வளவுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல காலமா? பிறந்தது 1947, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ். மெக்சிகோவிலிருந்து வந்த அப்பா, வெல்டிங் வேலை, அப்புறம் தபால்காரர் வேலை. பையனுக்குப் பேஸ்பால் பைத்தியம். பிறகு பாட்டுப் பைத்தியம் பிடித்து, பசிபிக் ஓஷன் என்று ஒரு ராக் குழு வைத்து சன்செட் ஸ்ட்ரிப் கிளப்புகளில் பாடினார். நடிக்க வந்த பிறகும் வயிற்றுப்பாட்டுக்கு மேசை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி வீடு வீடாக இறக்கும் தொழில்தான். தொலைக்காட்சியில் கிடைத்ததெல்லாம் துண்டு வேடம். பெயர் வெளியே தெரிந்தபோது வயது 31.

ஜூன் 4, மாலை

அந்த 31ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

1978இல் லாஸ் ஏஞ்சல்ஸின் மார்க் டேப்பர் அரங்கில் வேறு எதற்கோ தேர்வுக்குப் போனவரை, வெளியே வரும் வழியில் ஒரு பெண்மணி நிறுத்தி, ஒரு நாடகத்துக்கு முயன்று பார்க்கிறீர்களா என்று கேட்டாராம். அந்த நாடகம் லூயிஸ் வால்டெஸ் எழுதிய ஸூட் ஸூட். கிடைத்த வேடம் எல் பச்சூகோ. கதை சொல்லியும் அவன்தான், நாயகனின் மனசாட்சியும் அவன்தான், சில நேரம் அவனைக் கெடுப்பவனும் அவன்தான்.

நாடகம் எப்படித் தொடங்குகிறது பாருங்கள். மேடை முழுக்கத் திரைச்சீலைக்குப் பதிலாக ஒரு பிரம்மாண்டமான செய்தித்தாள் தொங்குகிறது. 1943 கலவரச் செய்தி அதில் கொட்டை எழுத்தில். பின்னாலிருந்து ஒரு மடக்குக் கத்தியின் முனை துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மேலிருந்து கீழ் வரை கிழிக்கிறது. கிழிசலுக்குள்ளிருந்து தொப்பி, நீளக் கோட்டு, பளபள சங்கிலியோடு ஓல்மோஸ் வெளியே வந்து, அவசரமே இல்லாமல் தன் உடையைச் சரிசெய்துகொள்கிறார். அந்தச் செய்தித்தாள்கள்தான் அந்தப் பையன்களைக் குண்டர்கள் என்று எழுதித் தள்ளியவை. 1942இல் ஸ்லீப்பி லகூன் கொலை வழக்கில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைக் கூட்டமாகச் சிறைக்கு அனுப்பினார்கள் (தீர்ப்பு 1944இல் மேல்முறையீட்டில் ரத்தானது). 1943இல் கடற்படைக்காரர்கள் தெருவில் இறங்கி, ஸூட் ஸூட் என்கிற தொளதொள சூட் போட்டவனையெல்லாம் இழுத்துப் போட்டு அடித்து உடையை உருவினார்கள். அடிபட்ட அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் இப்படி ஒருவன் வந்து நின்றால் என்ன ஆகும்? லாஸ் ஏஞ்சல்ஸில் நாடகம் மாதக்கணக்கில் ஓடியது.

1979இல் பிராட்வேக்குப் போனது. அங்கே விமர்சகர்கள் வாரிவிட்டார்கள், ஒரு மாதச் சொச்சத்தில் மூடுவிழா. ஓல்மோஸுக்கு மட்டும் டோனி என்கிற நாடக விருதுக்குப் பரிந்துரை. 1981இல் வால்டெஸே அரங்குக்குள் வைத்து, குறைந்த காசில், சுமார் இரண்டு வாரத்தில் அதைப் படமாக எடுத்தார். கத்தி கிழிக்கும் காட்சியை அதில் பார்க்கலாம்.

ஜூன் 5

அந்தச் சூட் இப்போது எங்கே தைக்கக் கிடைக்கும் என்று கேட்ட தம்பிக்கு: ஒரு பேன்ட்டுக்கு உண்டான துணியில் எங்கள் தையற்காரர் இரண்டு தைப்பார், அவரிடம் போகாதே.

ஜூன் 6

பிளேட் ரன்னர் படத்தை ஏன் விட்டேன் என்று மூன்று பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். விடவில்லை, வரிசையாக வருகிறேன்.

1982. காஃப் என்கிற துணைப் போலீஸ்காரர் வேடம். மொத்தமாகச் சில நிமிடம்தான் திரையில் இருப்பார். வேறொருவர் என்றால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போயிருப்பார். ஓல்மோஸ் ஒரு மொழிப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், ஹங்கேரியன், ஜப்பானியம், ஜெர்மன் என்று பலவற்றையும் கலந்து அந்த நகரத்துத் தெரு பாஷையைத் தானே கட்டினார். நீலக் கண்ணுக்கு லென்ஸ், போ டை, கைத்தடி. பக்கத்தில் ஹாரிசன் ஃபோர்டு சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்க, இவர் பாட்டுக்குக் காகிதத்தில் கோழி மடித்துக்கொண்டிருப்பார். கடைசியில் அந்த ஒற்றைக்கொம்புக் குதிரை காகித மடிப்பு. நாற்பது வருடமாகப் படத்தின் முடிவு இதுதானா அதுதானா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அதற்குக் காரணமான பொருளே அவர் கையிலிருந்து வந்தது. 2017இல் வந்த இரண்டாம் பாகத்திலும் ஒரே ஒரு காட்சியில் வந்து ஒரு காகித ஆட்டை மடித்து வைத்துவிட்டுப் போகிறார்.

இடையில் ஒரு விஷயம். அதே 1982 ஜூனில்தான் ஸ்டார் ட்ரெக் இரண்டாம் படத்தில் ரிக்கார்டோ மொன்டால்பான் கான் என்கிற வில்லனாக வந்து மார்பைத் திறந்து போட்டுக் கர்ஜித்தார். மெக்சிகோ நகரில் பிறந்தவர், நாற்பதுகளிலிருந்து ஹாலிவுட் அவரை வெறும் லத்தீன் காதலனாக்கி வைத்திருந்தது. 1970இல் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) நடிகர்களுக்காக நோசோத்ரோஸ் என்று ஓர் அமைப்பையே தொடங்கினார், அதனால் தனக்கு வாய்ப்பு குறைந்தது என்றும் சொல்லியிருக்கிறார். ஒரே மாதத்தில் அவர் அங்கே முழங்குகிறார், இவர் இங்கே அதிகம் வாய் திறக்காமல் காகிதம் மடிக்கிறார். இரண்டும் எதிர்காலக் கதை என்பதையும் கவனியுங்கள். நிகழ்காலக் கதைகளில் அவர்களுக்கு அப்போது அவ்வளவு இடம் இல்லை.

ஜூன் 8

இது நீளமாகப் போகும். பிடிக்காதவர்கள் தாண்டிவிடலாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுத்துப் பிழைப்பவன். அதனால் ஸ்டாண்ட் அண்ட் டெலிவர் (1988) எனக்கு வெறும் படம் இல்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் கார்ஃபீல்டு பள்ளி, பொலிவியாவிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் ஹைமே எஸ்கலான்டே, 1982இல் கால்குலஸ் தேர்வு எழுதித் தேறிய 18 பிள்ளைகள். தேர்வு நடத்திய அமைப்பு அதில் 14 பேரைச் சந்தேகித்தது, 12 பேர் மறுதேர்வு எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். இது நடந்த கதை.

சினிமாவில் வாத்தியார் வேடம் என்றால் எனக்கு ஒவ்வாமை. கரும்பலகை முன்னால் நின்று கண்கலங்கப் பேசுவார்கள், பின்னணியில் வயலின் அழும். நிஜ வகுப்பில் அப்படிப் பேசினால் கடைசி பெஞ்சு கெக்கலித்துவிடும். ஓல்மோஸ் அதைச் செய்வதில்லை. சுமார் 18 கிலோ எடை கூட்டி, முன்வழுக்கையை ஒட்டிச் சீவிய முடியால் மூடி, தொந்தி ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக வகுப்புக்குள் வருகிறார். ஒரு காட்சியில் சமையல்காரர் ஏப்ரன், தொப்பி, கையில் கறி வெட்டும் கத்தி. ஆப்பிளை ஓங்கி ஒரே வெட்டு. வெட்டிய ஆப்பிள்களைக் கொடுத்துவிட்டு எவ்வளவு குறைகிறது என்று சதவீதத்தில் கேட்டுக்கொண்டு போகிறார். பையன்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார், சீண்டுகிறார், கொஞ்சம் குரூரமாகவே பேசுகிறார். வராதவன் வீட்டுக்கே போய் நிற்கிறார். எஸ்கலான்டேயோடு நாள்கணக்கில் கூடவே இருந்து அவர் நடை, பேச்சு, முறைப்பு எல்லாவற்றையும் உள்வாங்கியிருக்கிறார் மனிதர். என் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினேன், ஆப்பிள் வெட்டில் சிரித்தார்கள், விசாரணைக் காட்சியில் சத்தமே இல்லை.

அந்த விசாரணைக் காட்சி. தேர்வு அமைப்பின் இரண்டு அதிகாரிகள், ஒருவராக வருபவர் ஆண்டி கார்சியா, அவரும் லத்தீனோதான். அதைத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் வேறாக இருந்தால் இந்தச் சந்தேகம் வந்திருக்குமா என்பதுதான் எஸ்கலான்டேயின் கேள்வி. ஓல்மோஸ் கேட்கும்போது கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிகிறது.

எனக்கு அது ஏன் உறைக்கிறது என்றால், சில வருடம் முன்னால் அரசுப் பள்ளியிலிருந்து என்னிடம் படிக்க வந்த ஒரு பெண், வசதியான ஒரு பள்ளி நடத்திய உதவித்தொகைத் தேர்வில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினாள். பெயர் எதற்கு, விடுங்கள். கூப்பிட்டு அனுப்பி, எங்கே படித்தாய், யார் சொல்லிக் கொடுத்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று குடைந்துவிட்டு, தனி அறையில் வைத்து மறுபடியும் எழுதச் சொன்னார்கள். எழுதினாள், வாங்கினாள். ஆனால் அங்கே சேரவில்லை. அவள் அப்பா என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஃபீஸ் பாக்கியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 8, இரவு

"இரண்டே வருடத்தில் கூட்டல் தெரியாத பையனைக் கால்குலஸ் எழுத வைத்தார், நீங்களும் செய்யுங்கள் சார்" என்று ஒருவர் ஏற்றிவிட்டிருக்கிறார். ஐயா, படம் காலத்தைச் சுருக்கிவிட்டது. எஸ்கலான்டே எழுபதுகளின் நடுவிலேயே அந்தப் பள்ளிக்கு வந்துவிட்டார், முதல் கால்குலஸ் வகுப்பில் தேறியவர்கள் கைவிரல் எண்ணிக்கைகூட இல்லை. கீழ் வகுப்புகளிலிருந்தே பிள்ளைகளைத் தயார்செய்து, துணைக்கு இன்னொரு கணக்கு ஆசிரியரும் பின்னால் நின்ற தலைமையாசிரியரும் கிடைத்த பிறகு வந்தது 1982. 1991இல் அந்தப் பள்ளியை விட்டே போனார். படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஆளால் எல்லாம் நடக்கும் என்று நம்பும் பெற்றோரிடம் மாட்டிக்கொள்வது என்னைப் போன்றவர்கள்.

ஓல்மோஸுக்கும் அவருக்கும் உறவு படத்தோடு முடியவில்லை. 2010இல் எஸ்கலான்டே புற்றுநோயோடு இருந்தபோது சிகிச்சைச் செலவுக்குப் பணம் திரட்ட முன்னால் நின்றவர் ஓல்மோஸ். அந்த மார்ச் கடைசியில் வாத்தியார் இறந்துபோனார்.

ஜூன் 11

சரி, இப்போது கேள்வி கேட்ட நண்பர் பக்கமும் கொஞ்சம் சாய்கிறேன்.

1989 ஆஸ்கர் சிறந்த நடிகர் பட்டியல்: டஸ்டின் ஹாஃப்மன், ஜீன் ஹேக்மன், டாம் ஹாங்க்ஸ், மாக்ஸ் வான் சிடோ, ஓல்மோஸ். ஹாஃப்மன் வாங்கினார். அமெரிக்க மண்ணில் பிறந்த லத்தீனோ ஒருவர் அந்தப் பிரிவில் வந்தது அதுதான் முதல் முறை என்பார்கள். அதற்கு முன்னால் பார்த்தால் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஹோசே ஃபெரர் 1951இல் வாங்கியிருக்கிறார், மெக்சிகோவின் சிவாவாவில் பிறந்த ஆண்டனி குயின் துணை நடிகராக இரண்டு முறை. பின்னால் பார்த்தால் 2012இல் மெக்சிகோ நடிகர் டெமியான் பிச்சிருக்குப் பரிந்துரை. எவ்வளவு இடைவெளி பாருங்கள். நடுவில் மெக்சிகோக்காரன் வேடம் வந்தால் வெள்ளைக்காரரான சார்ல்டன் ஹெஸ்டனுக்கு மை பூசினார்கள், கியூபாக்காரன் வேண்டும் என்றால் இத்தாலிய வம்சாவளி அல் பசினோ.

அந்தப் பட்டியலில் உள்ள மற்றவர்களுக்கு அடுத்த வருடம் எத்தனை கதைகள் வந்திருக்கும், இவருக்கு எத்தனை வந்திருக்கும் என்று யோசித்தால் "அவர் மறுத்தார், அதனால் இப்படி" என்ற என் வாதம் கொஞ்சம் நொண்டுகிறது. கதவு திறந்திருந்தால்தானே வேண்டாம் என்று சொல்வதற்கு மதிப்பு? திறந்த கதவுகள் போதைக் கும்பல் தலைவன், கைதி, தோட்டக்காரன். 2020 கணக்கெடுப்பில் லத்தீனோக்கள் 6 கோடியே 21 லட்சம், நாட்டு மக்கள்தொகையில் 18.7 விழுக்காடு. திரையில் அந்த அளவுக்கு எப்போதாவது தெரிகிறார்களா?

ஆனால் இதில்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் அந்தக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. 1982இல் தி பேலட் ஆஃப் கிரெகோரியோ கோர்ட்டெஸ் என்று ஒரு படம், பொதுத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. 1901இல் டெக்சஸில் ஷெரிஃபைச் சுட்டுவிட்டுக் குதிரையில் ஓடிய ஒரு மெக்சிகோக்காரரின் நிஜக் கதை. ஸ்பானிஷ் பேச்சுக்கு கீழே எழுத்து போடாமல் விட்டார்கள், துரத்துகிறவர்களுக்கு எப்படிப் புரியவில்லையோ அப்படிப் பார்ப்பவருக்கும் புரியக் கூடாது என்று. விநியோகிக்க ஆளில்லை. ஓல்மோஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் தானே தியேட்டர் பிடித்து சனிக்கிழமைகளில் இலவசமாகக் காட்டினார். மயாமி வைஸ் ஒப்பந்தத்தில் ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பது எனக்கு இதிலிருந்துதான் புரிகிறது.

ஜூன் 13

அமெரிக்கன் மீ (1992). இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், கேட்டுவிட்டார்கள், எழுதிவிடுகிறேன்.

ஆஸ்கர் பரிந்துரையால் வந்த செல்வாக்கை அவர் செலவழித்தது இங்கேதான். தானே இயக்கி, தானே நாயகன். சிறைக்குள் உருவாகும் மெக்சிகன் மாஃபியா பற்றிய கதை, ஃபோல்சம் சிறைக்குள்ளேயே போய்ப் படம்பிடித்தது. படம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? அதே 1943 கலவர இரவில். எல் பச்சூகோ மிடுக்காக வந்து நின்ற அதே இரவு, இங்கே நாயகனின் தாய் கடற்படைக்காரர்களிடம் சிக்கிச் சீரழியும் இரவு. 1978இல் மேடையில் அந்தக் கோட்டுக்குக் கொடுத்த கம்பீரத்தை 1992இல் தானே உரித்துப்போடுகிறார். பையன்கள் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்று படம் முழுக்க மூர்க்கமாக இருக்கிறது. இரண்டாவது முறை பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

விலையும் பெரிது. தங்களைக் காட்டிய விதம் பிடிக்காமல் நிஜ மாஃபியா கொதித்தது. படத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் இரண்டு பேராவது அதே வருடம் கொல்லப்பட்டார்கள், அதில் ஒருவர் பேட்டைப் பையன்களைக் கும்பலிலிருந்து மீட்கும் வேலை செய்த பெண். சிறை வாழ்க்கையை நேரில் அறிந்த நடிகர் டேனி ட்ரெஹோ இந்தப் படத்தில் நடிக்க வந்த அழைப்பை மறுத்துவிட்டார், ஏன் என்று பலமுறை சொல்லியும் இருக்கிறார். ஓல்மோஸ் தைரியசாலியா, பொறுப்பில்லாதவரா? எனக்கு இரண்டு பதிலும் மாறி மாறி வருகிறது. செத்தவர்கள் வீட்டில் போய் "கலைக்காக" என்று சொல்ல முடியாது. எடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பேட்டைகளில் சாவு குறைந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.

ஜூன் 13, பின்னிரவு

விட்டுப்போனது. அதே 1992 ஏப்ரல் கடைசியில், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையாகி ஊர் பற்றி எரிந்ததே, அப்போது ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கூட்ட இறங்கியவர் இவர். பார்த்துவிட்டு மற்றவர்களும் துடைப்பத்தோடு வந்தார்கள். நடிகர்கள் துடைப்பம் பிடித்தால் போட்டோ எடுத்து முடித்ததும் கீழே வைத்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். இவர் நாள்கணக்கில் கூட்டினார்.

ஜூன் 17

ஒரு வாசகி: "தொண்ணூறுகளில் அப்பா வேடத்துக்கு ஒதுங்கிவிட்டார், அதுவும் ஒரு வீழ்ச்சிதானே?"

செலினா (1997) பார்த்தீர்களா? டெக்சஸ் பாடகி செலினாவின் அப்பா ஆபிரகாம் வேடம். மறுபடியும் எடை கூட்டினார். 1995இல் சுட்டுக் கொல்லப்பட்ட பெண்ணின் கதையை, இரண்டு வருடத்துக்குள், அந்த அப்பாவே தயாரிப்பில் இருக்கும்போது நடித்துக் காட்ட வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டே பிள்ளைகளிடம் புலம்பும் காட்சி ஒன்று, அமெரிக்கர்களிடமும் மெக்சிகோக்காரர்களிடமும் நம்மை நிரூபித்து நிரூபித்தே ஓய்ந்துபோகிறோம் என்று. கோபமாகத் தொடங்கி நகைச்சுவையில் முடிக்கிறார். ஜெனிஃபர் லோபெஸை நட்சத்திரமாக்கிய படம்தான், ஆனால் புலம்பெயர்ந்தவர் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் எடுத்துப் பகிர்வது இந்தக் காட்சியை.

2002இல் அமெரிக்கன் ஃபேமிலி தொடர். முதலில் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுத்து அவர்கள் வேண்டாம் என்று விட்டதை பொதுத் தொலைக்காட்சி எடுத்துப் போட்டது. அதிலும் அப்பா. அவருக்கு அப்பா வேடம் என்பது முன்னணி வேடம். நம் சினிமாவில் அப்பா என்றால் இடைவேளைக்குள் மாரடைப்பு வந்தாக வேண்டும், அந்தப் பழக்கத்தில் பார்க்கிறோம்.

ஜூன் 20

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரசிகர்களுக்கு வணக்கம், இவ்வளவு நாள் பொறுத்ததே அதிகம்.

விண்வெளிக் கதை. 2003 குறுந்தொடர், அப்புறம் 2009 வரை முழுத் தொடர். இவர் போர்க்கப்பலின் கமாண்டர் அடாமா. 1978இல் வந்த பழைய தொடரில் லார்ன் கிரீன் செய்த வேடம். ஏற்றுக்கொள்ளும்போதே சொல்லிவிட்டாராம், வேற்றுக்கிரகப் பிராணி எதையாவது கேமரா முன்னால் விட்டால் மயங்கி விழுந்துவிடுவேன், அப்படியே விலகிவிடுவேன் என்று. கடைசி வரை ஒன்றும் வரவில்லை.

குறுந்தொடரின் முடிவில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் கூட்டம். பிரார்த்தனை முடிவில் எல்லோரும் ஆமோதிக்கும் ஒரு வரியை முணுமுணுக்கிறார்கள். ஓல்மோஸ் அதைத் திருப்பிச் சொல்கிறார், கூட்டம் சுரத்தில்லாமல் பதில் சொல்கிறது. இன்னும் சத்தமாகச் சொல்கிறார். மறுபடியும். கடைசியில் கூடமே அதிர்கிறது. எழுத்தில் இப்படித் திரும்பத் திரும்ப இல்லை, அந்த இடத்திலேயே அவர் கூட்டிக்கொண்டது. தெரியாமல் மாட்டிக்கொண்ட மற்ற நடிகர்களின் முகத்தைப் பாருங்கள், நடிப்பு எது நிஜம் எது என்று பிரிக்க முடியாது. மூன்றாம் பருவத்தில் ஆசையாகக் கட்டிக்கொண்டிருக்கும் மாதிரிக் கப்பலை ஆத்திரத்தில் நொறுக்குவாரே, அதுவும் அப்படித்தான். அது வாடகைக்கு வாங்கிவந்த விலையுயர்ந்த பொருள் என்று அவருக்குத் தெரியாது. தயாரிப்பு நிர்வாகியின் முகத்தையும் யாராவது படம்பிடித்திருக்கலாம்.

இந்தத் தொடரை நான் பார்த்தது ராத்திரி டியூஷன் முடிந்து பேப்பர் திருத்திக்கொண்டே. பேப்பர் திருத்தம் பல நாள் நின்றுபோனது. அடாமா எந்த இனம் என்று தொடரில் யாரும் கேட்பதில்லை. மனித குலத்தில் மிஞ்சிய ஐம்பதாயிரம் பேருக்குக் காவல் அந்த அம்மைத்தழும்பு விழுந்தது போன்ற முகம். ஆறு வருடம் ஒரு லத்தீனோ முகம் அதிகாரத்தில் இருந்தது, அதற்கு விளக்கம் எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. 2009 மார்ச்சில் ஐ.நா. சபையே இந்தத் தொடரை வைத்து ஒரு கலந்துரையாடல் நடத்தியது. அங்கே ஓல்மோஸ் இனம் என்றால் மனித இனம் ஒன்றுதான் என்று வெடித்துப் பேசிவிட்டு, அதே அஞ்சலிக் கூட்ட வரியைச் சொல்ல, ஐ.நா. அரங்கமும் சேர்ந்து திருப்பிச் சொன்னது.

ஜூன் 22

"அரசியல் பேசித்தான் வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டார்" என்பவருக்குச் சுருக்கமாக. 2001இல் போர்ட்டோ ரிக்கோவின் வியெகெஸ் தீவில் கடற்படை குண்டுபோட்டுப் பழகுவதை எதிர்த்து உள்ளே நுழைந்தார், 20 நாள் சிறைத்தண்டனை. அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் மேலே சொன்ன அடாமா வேடம். அந்தக் கடற்படையும் 2003 மே மாதம் தீவை விட்டுக் கிளம்பிவிட்டது. 2006இல் வாக்அவுட் என்ற படத்தை எச்பிஓ தொலைக்காட்சிக்காக இயக்கினார், 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிய போராட்டக் கதை. லத்தீனோ படவிழா ஒன்றையும் 1997இலேயே நண்பர்களோடு தொடங்கி நடத்தினார். கெட்டுப்போனவர் செய்கிற வேலையாகவா தெரிகிறது?

ஜூன் 27

நண்பர் பதில் எழுதியிருக்கிறார்: "எல்லாம் சரி, ஆனால் 1988க்குப் பிறகு பெரிய ஸ்டுடியோ படத்தில் அவரை மையமாக வைத்து எத்தனை வந்தது?" நியாயம். அமெரிக்கன் மீ ஒன்றைச் சொல்லலாம், அதற்கு மேல் இழுத்துப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். ஹாலிவுட் மீது உள்ள குற்றச்சாட்டு நிற்கிறது. "வீணாய்ப் போனவர்" என்பது மட்டும் நிற்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காப்பாற்றி வைக்க வேண்டிய படங்கள் என்று சேர்த்த பட்டியலில் பிளேட் ரன்னர், ஸ்டாண்ட் அண்ட் டெலிவர், ஸூட் ஸூட், செலினா, கிரெகோரியோ கோர்ட்டெஸ் ஐந்தும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது 2022இல் சேர்ந்தது, நாற்பது வருடம் கழித்து. பெரிய நட்சத்திரங்கள் பலரிடம் இப்படி ஐந்து கிடையாது.

2022இல் அவருக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்தது. கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு 2023இல்தான் வெளியே சொன்னார். மாயன்ஸ் எம்.சி. தொடர் அப்போதுதான் முடியும் கட்டத்தில் இருந்தது, 2018இலிருந்து அதில் ஃபெலிபே ரேயெஸ் என்கிற கறிக்கடைக்காரர். ஆம், மறுபடியும் அப்பா. வாசகி மன்னிக்க.

ஜூன் 28

அவர் நடித்த டெக்ஸ்டர் தொடரின் ஆறாம் பருவத்தைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்கிறார்கள். பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும், பார்க்காதவர்களிடம் சொன்னால் அந்தத் திருப்பம் போய்விடும். அவ்வளவு பெரிய திருப்பம் ஒன்றுமில்லை, மூன்றாவது எபிசோடிலேயே என் மனைவி கண்டுபிடித்துவிட்டார். கேள்வி கேட்ட நண்பர் மயாமி வைஸ் முதல் பருவத்தில் கோல்டன் ட்ரையாங்கிள் இரண்டு பாகத்தையும் தாண்டிவிட்டாரா, இன்னும் வரவில்லையா? கஸ்டியோவின் பழைய கதை அதில்தான் வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள், மீதிச் சண்டையைப் போடலாம்.